கைராசி இல்லை என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்

அன்புள்ள மாணவச் செல்வங்களுக்கும், என் பதிவுகளை வேறு வழியில்லாமல் படிக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி ஐந்தாறு படம் அனுப்பியிருந்தாள். சென்னையில் ஒன்பதாவது மாடியில் வீடு. ஜன்னல் ஓரம் வரிசையாகத் தொட்டிகள். கறிவேப்பிலை, புதினா, துளசி, மணிபிளான்ட். எல்லாம் மஞ்சளடித்து, அடித்தண்டு கறுத்து, சாய்ந்து கிடந்தன. மணிபிளான்ட் கூட! அதைச் சாகடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "டீச்சர், எனக்குக் கைராசி இல்லை. இதோட செடி வளர்க்கிறதையே விட்டுடறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் மீது இல்லை. என்னிடம் எட்டாம் வகுப்பில் அறிவியல் படித்த பெண். வேர் சுவாசிக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தையை வரவைத்தது எது என்றுதான் கோபம்.

"எந்த மண்ணில் நட்டாய்?" என்று கேட்டேன். ஆன்லைனில் வாங்கியதாம். நூறு சதவீதம் ஆர்கானிக், அப்படியே தொட்டியில் கொட்டி நடலாம் என்று பையில் போட்டிருந்ததாம். அதே பையை நானும் வரவழைத்தேன். கம்பெனி பேரைக் கேட்காதீர்கள், எந்தப் பேரானாலும் நான் சொல்லப்போவது ஒன்றுதான். 5 கிலோ 299 ரூபாய். பிரித்துக் கொட்டினால் கறுப்பாக, சொதசொதவென்று, கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டது. ஒரு கிலோவை எடை போட்டு எடுத்து மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். திரும்பப் போட்டால் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. மீதி ஆவியாகப் போய்விட்டது. அதாவது என் காசில் ஏறக்குறைய பாதிக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன்.

நார்க்கழிவில் ஈரம் இருப்பது கலப்படம் இல்லை. அதன் இயல்பே அதுதான், அதில் ஈரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை எடைக்கு விற்பதுதான் அநியாயம். வெளிநாடுகளில் இதே சரக்கை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். செடிக்கு வேண்டியது இடம், எடை அல்ல. எடைக்கு விற்கிறவனுக்கு எவ்வளவு ஈரமோ அவ்வளவு லாபம். இந்த 5 கிலோ பை என் கணக்குக்கு ஒன்பது லிட்டர் வந்தது. லிட்டர் 33 ரூபாய். ஆவின் பால் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே வயிறெரியுங்கள்.

அப்புறம் அந்த "ஆர்கானிக்" என்ற வார்த்தை. உணவுப் பொட்டலத்தில் அதைப் போட்டால் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். மண்புழு உரம் என்று விற்றால் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையில் அதற்கு அளவு இருக்கிறது: தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம், கரிமம் 18 சதவீதம், ஈரம் 15-லிருந்து 25 சதவீதத்துக்குள். நான் வாங்கிய பையில் ஒரு முத்திரையும் இல்லை, ஒரு அளவும் இல்லை. பச்சை இலைப் படம் ஒன்று இருந்தது. மக்காத நார்க்கழிவும் ஆர்கானிக்தான். அழுகின வாழைத்தோலும் ஆர்கானிக்தான். அதனால் செடி பிழைக்கும் என்று யார் சொன்னது?

சரி, செடி ஏன் செத்தது? இங்கேதான் ஒரு பழைய கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. என்னிடம் படித்தவர்கள் எல்லாரும் கவனமாகப் படியுங்கள்.

தொட்டியில் மண் போடுவதற்கு முன்னால் அடியில் ஒரு அடுக்கு கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ பரப்ப வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வடியும் என்று முப்பது வருஷம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளித் தோட்டத்தில் செய்தும் காட்டினேன். அது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஏன் தப்பு என்று இப்போது சமையலறைக்குப் போய் நீங்களே பார்க்கலாம். பாத்திரம் கழுவுகிற ஸ்பாஞ்ச், புதுசாக, நீள்சதுரமாக இருப்பது ஒன்றை எடுங்கள். தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவசமாகக் கையில் ஏந்துங்கள். பிழியக் கூடாது. சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றுவிடும். நின்ற பிறகு அதை அப்படியே திருப்பிச் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும்! அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். உயரம் மட்டும்தான் மாறியது.

நடப்பது இதுதான். எட்டாம் வகுப்பில் தந்துகிக் கவர்ச்சி என்று படித்தோமே, அந்த விசை தண்ணீரைத் துளைகளுக்குள் பிடித்து வைக்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் உயரம் வரை அடியில் ஒரு பகுதி எப்போதும் முழுக்க நனைந்தே நிற்கும். ஓட்டை எத்தனை போட்டாலும் நிற்கும். அந்த நனைந்த பகுதியின் உயரம் மண் கலவையின் துளை அளவைப் பொறுத்தது, தொட்டியைப் பொறுத்தது இல்லை. துளை நுணுக்கமாக இருந்தால் அது நாலு விரல் உயரம் கூட நிற்கும். நீங்கள் ஜன்னலில் வைக்கிற தொட்டியே ஆறு விரல்தான். வேருக்கு மூச்சு விட மிச்சம் எங்கே இருக்கிறது? நான் சொன்னபடி அடியில் கல்லைப் பரப்பினீர்கள் என்றால் தண்ணீர் கல்லுக்குள் இறங்காது, கல்லுக்கு மேலே உள்ள நுணுக்கமான மண்ணிலேயே தங்கும். நனைந்த பகுதியை இரண்டு அங்குலம் மேலே தூக்கி வேர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் மிச்சம். மண் வெளியே போகாமல் இருக்க ஓட்டை மேல் ஒரே ஒரு சில்லு கவிழ்த்து வைத்தால் போதும்.

மாடித் தோட்டத்தில் இந்தத் தப்பு தெரியாது. வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் வெயில் கால்வாசி, காற்று அதிலும் கம்மி. காலையில் ஊற்றினது மறுநாளும் அப்படியே நிற்கும். வேர் மூச்சு முட்டி அழுகும். இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். இதில் கை எங்கே வந்தது, ராசி எங்கே வந்தது?

இந்த வார்த்தை மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று சொந்தக்காரர்களில் சிலருக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் தங்கை கல்யாணமாகிப் போன வீட்டில் முற்றத்தில் துளசி மாடம் இருந்தது. இவள் நட்ட துளசி ஒன்றும் நிலைக்கவில்லை. நட்டு ஒரு மாசம், இரண்டு மாசம், போய்விடும். "அவ கை வச்சா துளிர்க்காது" என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு. ஏழு வருஷம் குழந்தை இல்லாத மருமகளைப் பார்த்து அந்தப் பேச்சைப் பேசினால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. விசேஷ வீடுகளில் முளைப்பாரிக்கு விதை போட அவளைக் கூப்பிடாமல் இருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. வருஷம் பல கழித்து அந்த வீட்டை இடித்துக் கட்டும்போது மாடத்தை உடைத்தார்கள். உள்ளே அடியில் சிமென்ட் தளம், ஒரு ஓட்டை கிடையாது. நிரப்பியிருந்தது கண்மாய்க் கரம்பை. கரம்பை நெல் வயலுக்கு அமிர்தம், சந்தேகமே இல்லை. ஓட்டையில்லாத பெட்டியில் அடைத்தால் அது களிமண் தொட்டி. மல்லிகை நட்டாலும் சாகும், மாமரம் நட்டாலும் சாகும், அந்த வீட்டுப் பெரியவர்களே நட்டாலும் சாகும். உடைத்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. தங்கை உள்ளே போய்க் காபி போட்டாள்.

ஆகவே கைராசியைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

இப்போது நான் எப்படிக் கலக்கிறேன் என்று சொல்கிறேன். இது வீட்டுக்குள், ஜன்னல் ஓரம் வைக்கிற தொட்டிக்கு. மாடிக்கு வேறு கணக்கு, அங்கே மண்ணும் எருவும் கூடுதலாகப் போடலாம். ஒரே பை எல்லாத்துக்கும் ஆகும் என்று விற்பதே முதல் பொய்.

குளிக்கிற மக்கை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்துக் கழுவிய நார்க்கழிவு இரண்டு மக். சலித்த செம்மண் ஒரு மக். மண்புழு உரம் ஒரு மக். உமிக்கரி ஒரு மக். இந்தக் கலவை ஒரு சாந்துச்சட்டி அளவுக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். புட்டு மாவு பதத்துக்கு ஈரமாக்கி, சாக்குப் போட்டு மூடி, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். புண்ணாக்கு நொதித்துச் சூடு ஆறட்டும். அவசரப்பட்டு அன்றைக்கே நடாதீர்கள்.

இதில் எது எதற்கு என்று தெரிந்துகொண்டால் ஒன்று கிடைக்காதபோது இன்னொன்றைப் போட உங்களுக்கே தெரியும்.

நார்க்கழிவு ஈரத்தைப் பிடிக்கும், கனம் இருக்காது. 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் எழுபது லிட்டருக்கு மேல் வரும். ஆனால் அதில் சத்து என்று ஒன்றும் கிடையாது. கரிமமும் தழைச்சத்தும் அதில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம். அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பை மண்ணில் நட்ட செடி ஒரு மாசத்தில் மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் சிப்பிக்காளான் விட்டு இந்தக் கழிவை மக்கவைக்கும் முறையை எத்தனையோ வருஷம் முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மக்கவைத்த நார்க்கழிவு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இன்னொன்று உப்பு. தென்னை உப்பைத் தாங்கும் மரம், மட்டையிலும் அது இருக்கும். கட்டியை வாளியில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குறைந்தது மூன்று தடவை. குடிதண்ணீர் மிஷின்காரர் கொண்டுவருவாரே டிடிஎஸ் பேனா, அதை வடிந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதல் தண்ணீருக்கும் மூன்றாம் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் உங்களைத் தூக்கிவாரிப் போடும். நாருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு முழுக்க விடாது. சுண்ணாம்புச் சத்து வந்து தள்ளினால்தான் விடும். அதனால் ஒரு கைப்பிடி ஜிப்சம் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு, மறுபடி அலசுகிறேன். அந்தப் பழுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். கீழே தென்னை நின்றால் அதற்கு ஊற்றலாம், அதன் சொத்துதானே.

உமிக்கரி துளை விடுவதற்கு. முன்பு ஆற்று மணல் போடுவோம். வைகையைப் பார்த்த பிறகு மணல் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எம்-சாண்டில் கல் மாவு கலந்திருக்கும், இறுகிப் போகும். உமிக்கரியை ரைஸ் மில்லில் கேளுங்கள். கறுப்பாக, உமி உருவம் கெடாமல் இருக்க வேண்டும். வெளுத்துச் சாம்பலாகிவிட்டது வேண்டாம், அது காரத்தன்மையை ஏற்றிவிடும். கிடைக்கவில்லையா, உடைந்த செங்கல்லை மிளகு, சுண்டல் அளவுக்குத் தட்டித் தூளைச் சலித்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள். பெர்லைட் என்று வெள்ளையாக விற்பதும் இதே வேலையைத்தான் செய்யும். அது எரிமலைக் கண்ணாடிப் பாறை. உலையில் பொரி மாதிரி பொரித்தது. நல்லதுதான். ஆனால் ரைஸ் மில் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஆர்டர் போடுவானேன்?

மண்புழு உரத்தை மோந்து பாருங்கள். முதல் மழை வாசனை வர வேண்டும். சாணி வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. அரைகுறையாக மக்கினதைக் கொண்டுவந்தால் பின்னாலேயே பொடிசாகக் கறுப்பு ஈக்கள் வரும். வீட்டுக்குள் அது பெரிய இம்சை, சாம்பார் கிண்ணத்தில் வந்து விழும். நல்லது என்பதற்காக அள்ளிக் கொட்டவும் வேண்டாம். முழுக்க மண்புழு உரத்தில் நட்டால் அதுவும் களி மாதிரி அடைத்துக்கொள்ளும்.

என் செலவுக் கணக்கு: நார்க்கழிவுக் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு 70, மண்புழு உரம் 10 கிலோ 200, செம்மண் 30, உமிக்கரிக்கு மில்காரருக்கு 20, புண்ணாக்கு 30. மொத்தம் 350. அழுந்தினது போகக் கலவை ஐம்பது லிட்டர். லிட்டர் 7 ரூபாய்.

"நேரமில்லை டீச்சர்" என்பீர்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிலும் அரை நாள். பழைய மண்ணைக் கொட்டவும் வேண்டாம். வேரைப் பொறுக்கிவிட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு வாரம் வைத்து, கால் பங்கு மண்புழு உரம் சேர்த்தால் மறுபடி தயார். முடியாதவர்கள் உண்டு. முட்டிவலிக்காரர்கள், தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். அவர்கள் வாங்கட்டும், நான் குறை சொல்லவில்லை. வாங்கினதோடு பாதிக்குப் பாதி உமிக்கரியும் செம்மண்ணும் கலந்துகொண்டால் போதும். யார் கலந்தாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். ஆஸ்திரேலியாவில் தொட்டி மண் பையிலேயே தூசியை மூச்சில் இழுக்காதே என்று எச்சரிக்கை போட்டிருப்பான். மெல்போர்ன் மருமகனைக் கேளுங்கள். அதன் மூலம் நுரையீரலைப் பிடிக்கும் கிருமி ஒன்று இருக்கிறது.

பை விற்கிறவர்களை மட்டும் திட்டினால் நியாயமாகாது. இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, வீடியோக்காரர்கள். முட்டைத் தோடு, டீத்தூள், வாழைத்தோல் ஊறின தண்ணீர், புளித்த மோர், பெருங்காயம், அரிசி கழுவின தண்ணீர் என்று தினம் ஒரு அபிஷேகம். செடியா, பழனி ஆண்டவரா? முட்டைத் தோடு கரைவதற்குள் செடிக்கு ஆயுசு முடிந்துவிடும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வீட்டுக்குள் ஊற்றிவிட்டு நாற்றம் தாங்காமல் எனக்கு போன் செய்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் என் நாத்தனார். அடியில் தண்ணீர் தேங்கிய தொட்டிக்கு எந்த டானிக்கும் உதவாது. மூச்சு முட்டுகிறவனுக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா?

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் கறிவேப்பிலையை ஹாலுக்குள் வைத்துக் குழந்தை மாதிரி பார்க்கிறீர்கள், சந்தோஷம். நீங்கள் வாங்கும் பையில் பீட் என்று இருக்கிறதா பாருங்கள். அது சதுப்பு நிலத்தில் பாசி மக்காமல் படிந்து படிந்து உண்டானது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும். ஒரு சாண் உயரப் பீட் இருநூறு வருஷத்துச் சேமிப்பு. வெட்டி எடுத்தால் அதில் பூட்டி வைத்திருந்த கரிமம் காற்றில் போகிறது. அதன் மேலும் ஆர்கானிக் என்றுதான் அச்சடித்திருக்கும். அதற்குப் பதில் உங்கள் ஊர்க் கடையிலேயே நம் பொள்ளாச்சி நார்க்கழிவோ இலங்கை நார்க்கழிவோ கிடைக்கும்.

அதுவும் குற்றமில்லாதது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஏற்றுமதிக்காகக் கழுவுகிற தண்ணீர் கிணற்றைப் பழுப்பாக்குகிறது என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் பல வருஷமாகச் சொல்கிறார்கள். அதனால் நான் கொஞ்சம் கொஞ்சமாக இலை மட்குக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் புங்கையும் வாதாமும் வேம்பும் கொட்டுகிற இலையைக் கூட்டிக் குவித்துத் தினமும் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டே உள்ளே உட்கார்ந்து, ஐந்நூறு மைல் தாண்டி இருக்கும் கிடங்கிலிருந்து மண் வரவழைக்கிறோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? காலி அரிசிச் சாக்கில் நாலு பக்கம் ஓட்டை போட்டு, இலையை அமுக்கி நனைத்து நிழலில் வைத்தேன். வாரம் ஒரு செம்பு தண்ணீர். எட்டு மாசத்தில் மூன்று சாக்கு இலை ஒரு சாக்கு மட்கானது. கையில் எடுத்தால் காபித்தூள் மாதிரி உதிர்கிறது. தைலமர இலை மட்டும் வேண்டாம். நகராட்சி நுண்ணுர மையத்திலும் உரம் கிடைக்கும். சலித்துத்தான் எடுக்க வேண்டும், கண்ணாடித் துண்டு இருக்கும்.

சென்னைப் பெண்ணுக்கு இதெல்லாம் போனில் சொன்னேன். ஸ்பாஞ்சை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். எனக்கே தெரியாதே! இப்போது உயரமான தொட்டி இரண்டு வாங்கியிருக்கிறாளாம். புதினாத் தண்டு நட்டு நாலு நாள் ஆகிறது. படம் வந்தால் போடுகிறேன்.

கலக்கத் தெரியாதவர்கள் வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வாளி அவரவர் கொண்டுவரவும். டிடிஎஸ் பேனா என்னிடம் இருக்கிறது. பெரிய சல்லடையைப் பொங்கலுக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போனவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.